வேலிகாத்தானை வெட்டியாச்சு... புல்லுக்கு யார் பொறுப்பு?

சீமைக் கருவேலத்தை ஒழிக்கணும்னு ஒரு கூட்டத்தில் சொன்னால், கை தூக்காத விவசாயி கிடையாது. நானும் தூக்குறேன். ஆனால் கூட்டம் அதோடு கலைந்துவிடுகிறது. வெட்டின இடத்தில் அடுத்த மழைக்கு என்ன முளைக்கும், அதை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்க ஆள் இருப்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வெட்டுவது பொக்லைன்காரருக்கு மட்டும்தான் லாபம் என்பது என் கருத்து. மரத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு விதையைப் பற்றியும் புல்லைப் பற்றியும் பேசணும். குறிப்பாக மாடு வைத்து, சாணத்தை நம்பி விவசாயம் பண்ணும் நாம் பேசணும். ஏன்னா அந்த விதை பெரும்பாலும் நம்ம மாட்டு வயிற்றில்தான் பயணம் போகிறது.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் போகிறவர்களுக்குப் பள்ளிக்கரணை என்றால் சதுப்பு, பறவை, பக்கத்திலேயே பெருங்குடி குப்பைமேடு. ஆனால் அது அடிப்படையில் தண்ணீரும் புல்லும் கலந்த நிலம். நம் முன்னோர் இதைக் 'கழுவெளி' என்றார்கள். மேலேயுள்ள ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடல் சேருகிறது. நடுவில் கோரை, சம்பு, நாணல். தண்ணீர் வடியும் ஓரங்களில் அருகம்புல்லும் மற்ற புற்களும். மாடும் எருமையும் இன்றைக்கும் அங்கே மேய்கின்றன.

ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடந்த நிலம் இது. 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நடுவில் போனதெல்லாம் எப்படிப் போனது? குடியிருப்பு, கம்பெனி, சாலை, குப்பை என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அதற்கு முன்னால் நடக்கும் ஒரு சின்ன விஷயம்.

கழுவெளியின் ஓரத்தில் கட்டிட இடிபாட்டையும் மண்ணையும் கொட்டுகிறார்கள். மழைக்காலத்தில் முங்கி, கோடையில் புல் விட்ட இடம் மேடாகி, தண்ணீர் ஏறாத இடமாகிறது. புல்லின் வேர் மூடிப்போகிறது. அந்த வெறும் மேட்டில் முதலில் வருவது வேலிகாத்தான். வெள்ளத்தில் மிதந்து வரும் நெத்து கொஞ்சம், மேய வரும் மாட்டுச் சாணத்தில் விழும் விதை கொஞ்சம். நாலைந்து வருஷத்தில் ஆள் நுழைய முடியாத முள். புல் இருந்தவரை அதற்கு 'மேய்ச்சல்' என்று பேர். முள் மூடினதும் 'புதர்' என்று பேர். புதர் என்று ஆனதும் 'சுத்தம் பண்றோம்' என்று வண்டி வருகிறது. சுத்தம் பண்ணின பிறகு அது யாருக்கும் மேய்ச்சல் நிலமாகத் தெரிவதில்லை, காலி மனையாகத்தான் தெரிகிறது.

இது சென்னைப் புறநகர்க் கதை மட்டும் இல்லை. உங்க ஊர் ஏரி உள்வாயையும் மந்தைவெளியையும் நினைத்துப் பாருங்க. 'மந்தைவெளி' என்றாலே மாட்டு மந்தை கூடும் வெட்டவெளி. சென்னைக்கு நடுவில் இன்றைக்கு அது பஸ் நிறுத்தத்தின் பேர். இனி நம்ம ஊர்களிலும் பேர் மட்டும்தான் மிஞ்சணுமா?

விதை எப்படிப் போகிறது?

வேலிகாத்தான் நெத்து இனிப்பு. சர்க்கரையும் புரதமும் உள்ள நல்ல தீனி. கோடையில், புல் காய்ந்து மாடு பசியோடு அலையும் நேரம் பார்த்து, பழுத்து உதிர்கிறது. ஒரு நெத்தில் பத்து முதல் இருபது விதை. ஒவ்வொரு விதைக்கும் கல் மாதிரி ஒரு உறை. மாடு நெத்தைச் சரியாக மெல்லாமல் விழுங்குகிறது. சதைப்பற்று செரிக்கிறது, விதை செரிப்பதில்லை. வயிற்று அமிலத்தில் ஊறி உறை கொஞ்சம் இளகி, முளைக்கத் தயாராகச் சாணத்தோடு விழுகிறது. ஈரம், எரு, நிழல் எல்லாம் சேர்த்து நாமே விதைநேர்த்தி பண்ணி விதைத்த மாதிரிதான். அடுத்து மழை வந்தால் போதும்.

தின்ற விதை முழுக்க வெளியே வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தில் மாடு எங்கெல்லாம் நடக்கிறதோ அங்கெல்லாம் விதை. ஆடும் செம்மறியும் கொண்டுபோகின்றன. ஆனால் நன்றாக மெல்லுவதால் அவற்றின் வயிற்றில் தப்பும் விதை மாட்டைவிடக் குறைவு. காட்டுப்பன்றி, மான், நரி என்று நெத்து தின்னும் விலங்கெல்லாம் இந்த வேலையைச் செய்கின்றன. மிச்சத்தை வாய்க்கால் தண்ணீர் பார்த்துக்கொள்கிறது.

விதை விழுந்த இடமெல்லாம் மரமாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் புல் வருகிறது. அடர்த்தியாகப் புல் நிற்கும் தரையில் முளைத்த கன்றுக்கு வெளிச்சமும் ஈரமும் கிடைப்பது கஷ்டம். முதல் ஒரு வருஷம் புல்லின் வேரோடு போட்டி போட்டுத்தான் அது பிழைக்கணும், பல கன்று தோற்றுவிடும். புல்லை ஒட்ட மேய்த்து, தரை வெளுத்துப்போன இடத்தில்தான் வேலிகாத்தான் சுலபமாக ஜெயிக்கிறது. ஒரு தடவை வேர் ஆழம் போய்விட்டால் கதை தலைகீழ். நிழலிலும் உதிரும் இலையிலும் அடியில் புல் பிடிப்பதில்லை. புல் இல்லாததால் மாடு இன்னும் அதிகமாக நெத்தைத் தின்கிறது. தின்பதால் இன்னும் அதிகமாக விதை பரவுகிறது. இந்தச் சுழலை உடைக்காமல் மரத்தை மட்டும் வெட்டி என்ன பண்றது?

நல்லது நினைத்துத்தான் நட்டார்கள்

இந்த மரம் தானாக வந்ததில்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் 1877இல் ஜமைக்காவிலிருந்து வந்த விதையைப் போட்டார்கள். விறகுப் பஞ்சம் தீரணும், வறண்ட நிலம் பசுமையாகணும் என்பது எண்ணம். பிறகு தமிழ்நாடு முழுக்க வேலிக்கும் விறகுக்கும் பரப்பினோம். 'வேலிகாத்தான்' என்ற பேரே அப்படி வந்ததுதான்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்று ஒரு பெரிய புல்வெளி. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். மால்தாரி என்னும் மேய்ப்பர்களின் பூமி. உப்புப் பாலை உள்ளே நகராமல் தடுக்க 1961இல் அரசின் வனத்துறை அங்கே சுமார் 31,000 ஹெக்டேரில் இதே மரத்தை வைத்தது. இன்றைக்குப் பன்னியில் பாதிக்கு மேல் முள் மூடிக் கிடக்கிறது. நெத்தையே முழுத் தீனியாகத் தின்ற மாடுகளுக்குத் தாடை நரம்பு கெட்டு, மெல்ல முடியாமல் போன அனுபவமும் அவர்களுக்கு உண்டு. பல குடும்பங்கள் மாட்டை விட்டு எருமைக்கு மாறின. ஆனால் மரத்தை வேரோடு எடுத்து, சில பருவம் பாதுகாத்த இடங்களில் அங்கே புல் திரும்பி வந்திருக்கிறது. நமக்கு நம்பிக்கை தரும் செய்தி அதுதான்.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளணும். அது நம்ம நாட்டுக் கருவேலம் பற்றியது. ஏர், வண்டிக்கு மரம் கொடுத்து, ஆட்டுக்கு நெத்து கொடுத்து, பல்லுக்குக் குச்சியும் கொடுத்த மரம். 1890களில் நம் துணைக்கண்டத்திலிருந்து அதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு நிழலுக்கும் தீனிக்கும் கொண்டுபோனார்கள். செம்மறி மேய்த்தவரை பெரிய சேதம் இல்லை. 1970களில் தொடர்ந்து நல்ல மழை பெய்தது, பலர் செம்மறியை விட்டு மாட்டுக்கு மாறினார்கள். நெத்து தின்ற மாடு விதையை நாலாபக்கமும் இறைத்தது. இன்றைக்கு அங்கே 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நம்ம கருவேலம்தான் களை. அங்குள்ளவர்கள் அதைத் திட்டும் திட்டு, நாம் வேலிகாத்தானைத் திட்டும் திட்டுக்குக் கொஞ்சமும் குறையாது.

ஆக மரம் கெட்டது, மரம் நல்லது என்று பேசிப் பயனில்லை. எந்த மரம், எந்த நிலத்தில், எந்தக் கால்நடையோடு, யார் பார்வையில் இருக்கிறது என்று பார்க்கணும்.

பொக்லைன் ஏன் தோற்கிறது?

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாவட்டம் மாவட்டமாக வெட்டினோம். அதே ஆண்டிலேயே, அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டக்கூடாது என்று போன வழக்கில் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றி, இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. பேரிலேயே இரண்டு வேலை இருக்கிறது பாருங்க: அகற்றுவது, மீட்பது. களத்தில் நடப்பது பெரும்பாலும் முதல் வேலை மட்டும்தான்.

தரைக்கு மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குக் கீழே, ஒரு அடியாவது தோண்டி எடுத்தால்தான் சாகும். பொக்லைன் அதைச் செய்கிறது, உண்மைதான். ஆனால் கூடவே மேல்மண் முழுக்கப் புரட்டிப் போடுகிறது. மிச்சம் இருந்த அருகும் கோரைக்கிழங்கும் புதைந்து போகின்றன. மண்ணுக்குள் பல வருஷமாகச் சேர்ந்து கிடக்கும் விதை வெளிச்சத்துக்கு வருகிறது. முதல் மழையில் பாய் விரித்த மாதிரி கன்று முளைக்கும். அந்த நேரத்தில் ஒப்பந்தக்காரர் பில் வாங்கிவிட்டுப் போயிருப்பார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இராமநாதபுரத்திலும் விருதுநகரிலும் இந்த மரத்தில் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நம்ம ஊர்களில் இன்னும் அடுப்புக்கு இதே விறகுதான். ஒரே நாளில் வழித்து எடுத்தால் முதலில் அடி வாங்குவது நிலம் இல்லாத ஜனங்கள். அவர்கள் கையிலேயே வேலையைக் கொடுத்தால், விறகும் கரியும் கூலியும் அவர்களுக்கு, புல் ஊருக்கு. துண்டு துண்டாக எடுக்கலாம். இந்த வருஷம் அஞ்சு ஏக்கர், அதில் புல் பிடித்த பிறகு அடுத்த அஞ்சு ஏக்கர். மெதுவான வேலைதான், ஆனால் நிற்கும் வேலை.

நாம் செய்ய வேண்டியது

அரசு பண்ணட்டும் என்று இருக்காமல், நாளைக் காலையிலேயே நம் தொழுவத்தில் ஆரம்பிக்கலாம்.

நெத்து உதிரும் பருவத்தில் மாட்டை முள்காட்டுக்குள் விடாதீங்க. தீனிக்கு வேணும் என்றால் நெத்தைப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, விதையும் நொறுங்கும்படி அரைத்து மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்க. அரைத்த விதை முளைக்காது. பொறுக்கின நெத்து பரவவும் செய்யாது. நெத்து தின்ற மாட்டைப் புது மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன் ஒரு வாரம் தொழுவத்தில் கட்டித் தீனி போடுங்க. அந்த வாரச் சாணத்தைத் தனியே குவிங்க.

சாணத்தைப் பச்சையாக வயலுக்கும் வரப்புக்கும் கொட்டாதீங்க. ஈரம் குறையாமல், சூடு ஏற ஏறப் புரட்டிப் போட்டு மக்கவைத்தால் களை விதையில் பெரும்பகுதி செத்துப்போகும். கல் உறை உள்ள விதை சில தப்பலாம். அதற்கு ஒரு எளிய சோதனை: மக்கின எருவைப் பழைய பாண்டில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூணு வாரம் பாருங்க. என்ன முளைக்கிறதோ அதுதான் உங்க வயலுக்குப் போகப் போகிறது. கன ஜீவாமிர்தம் பண்ணுகிறவர்கள், வெளியிலிருந்து வண்டிச் சாணம் வாங்குகிறவர்கள் கட்டாயம் இதைப் பண்ணணும்.

கிடை போடும் நண்பர்களே, கீதாரியிடம் ஆடு எத்தனை என்று மட்டும் கேட்காமல், போன வாரம் எங்கே மேய்ந்தது என்றும் கேளுங்க. உழும் வயலில் முளைத்தால் கலப்பையில் போய்விடும். ஆபத்து வரப்பிலும் தரிசிலும்தான்.

மழை முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் கன்றைக் கையால் பிடுங்கலாம். ஒரு வருஷம் விட்டால் மண்வெட்டி வேணும். மூணு வருஷம் விட்டால் பொக்லைன் வேணும். செலவுக் கணக்கு அவ்வளவுதான்.

எடுத்த இடத்தை வெறுமையாக விடாதீங்க. கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்க, ஈரப்பாங்கான இடத்தில் அருகம்புல் கரணையை ஊன்றுங்க. இரண்டு மழைப் பருவம் மாடு விடாமல் காப்பாற்றி, பிறகு பகுதி பகுதியாக மேய்க்கணும். இது புதுசா கண்டுபிடித்த வித்தை இல்லை. காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டைப் பாருங்க. சுற்றிக் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். அந்த வெள்வேல நெத்தையும் ஆடுமாடு தின்கிறது, விதையும் சாணத்தில் விழத்தான் செய்கிறது. ஆனாலும் காடு முள்ளாக மூடவில்லை. வேலி இருக்கிறது, மாற்றி மாற்றி மேய்க்கும் முறை இருக்கிறது, வேண்டாத கன்றைப் பிடுங்க ஆள் இருக்கிறது. காங்கயம் மாடு அந்தப் புல்லில்தான் உருவானது.

மரம் நடும் ஆசைக்கும் ஒரு எல்லை வேணும்

இது நம் இயக்கத்துக்குள்ளேயே சிலருக்குக் கசக்கும். வெட்டவெளியைப் பார்த்தால் நமக்குக் கை சும்மா இருப்பதில்லை. ஆயிரம் கன்று, பத்தாயிரம் கன்று என்று கிளம்பிவிடுகிறோம். மேய்ச்சல் தரையும் ஏரி உள்வாயும் கழுவெளி ஓரமும் மரம் இல்லாத குறையால் அப்படிக் கிடப்பதாக நினைக்கிறோம். அவை புல்லுக்காகவே உள்ள நிலம். மாட்டுக்குத் தீனியும், தரையில் கூடு கட்டும் பறவைக்கு இடமும், வெள்ளத்துக்குப் பரவ வெளியும் அங்கேதான்.

நீலகிரியைக் கேட்டால் சொல்லும். மலை உச்சிப் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்துச் சீகை மரம், அதாவது வாட்டில், வைத்தார்கள். இன்றைக்கு அதை எடுக்க எடுக்க முளைக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாகக் கிளம்பும். மஞ்சள் பூ அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த புதர்ச்செடிகளும் அங்கே புல்லுக்குள் நுழைந்துவிட்டன. அவற்றின் காய் வெயிலில் வெடித்து விதையை எட்ட வீசும். 1877இல் கமலாபுரத்தில் விதை போட்டவர்களும், 1961இல் பன்னியில் கன்று வைத்தவர்களும், நீலகிரியில் வாட்டில் வைத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. நம்மைப் போலவே பசுமை வேணும் என்றுதான் நினைத்தார்கள். அதனால்தான் நாம் கொஞ்சம் நிதானிக்கணும். மரத்தை வீட்டைச் சுற்றியும், வரப்பிலும், தோப்பிலும், சாலையோரமும் வைப்போம். புல்தரையைப் புல்லுக்கு விடுவோம்.

ஊரில் கேட்க வேண்டிய கேள்வி

அரசுக் கணக்கில் மேய்ச்சல் நிலமும் புதர்நிலமும் 'பயனற்ற நிலம்' என்ற பட்டியலில் வருகின்றன. பயனற்றது என்று எழுதிவிட்டால் கொடுக்கவும் எடுக்கவும் சுலபம். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்கே திருப்பித் தரணும் என்று தீர்ப்புச் சொன்னது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. சட்டமும் காலமும் நம் பக்கம் இருக்கும்போது நாம் வாய் திறக்கணும்.

அடுத்த கிராம சபையில் மூணு கேள்வி கேளுங்க. நம்ம ஊரில் மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளிப் புறம்போக்கும் எத்தனை ஏக்கர், எந்தெந்தச் சர்வே எண்? அதில் இப்போது புல் எவ்வளவு, முள் எவ்வளவு, கட்டிடம் எவ்வளவு? முள்ளை எடுக்கத் தீர்மானம் போட்டால், அடுத்த மூணு வருஷம் கன்று பிடுங்கவும் புல் வளர்க்கவும் யாருக்குப் பொறுப்பு, எவ்வளவு பணம்? மூணாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பொக்லைனுக்குக் கையெழுத்துப் போடாதீங்க.

கிராம சபை இல்லாத மாநகராட்சிப் பகுதியில் இருக்கிறவர்கள், தாம்பரம், பெருங்குடி பக்கத்து மாடு வளர்ப்பவர்கள் உட்பட, வார்டு உறுப்பினரிடமும் வனத்துறையிடமும் இதையே கேட்கலாம். சதுப்பின் ஓரத்தில் இடிபாடு கொட்டுகிற லாரியைப் பார்த்தால் அன்றைக்கே புகார் கொடுங்க. வேலிகாத்தான் அந்த மேட்டில் முளைக்கிற வரை காத்திருந்தால், அதற்கப்புறம் அது சதுப்பு நிலம் என்று நாம் ஒவ்வொருவரிடமும் நிரூபிக்க வேண்டியிருக்கும்.